விஜயபுரத்திலிருந்து ஸ்ரீ விஜயபுரத்திற்கு

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேயர் இனி ‘ஸ்ரீ விஜயபுரம்’ என வழங்கப்படும் என்று மத்திய அரசு 2024 செப்டம்பர் 13 அன்று அறிவித்தது. அது முதல் எங்கள் பகுதியில் ஒரு வேடிக்கைப் பேச்சு நிலவுகிறது. நகரிக்கு அருகே, தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எங்கள் விஜயபுரத்துக்குப் பேருந்தில் வந்து சேரலாம். அந்த விஜயபுரத்துக்கோ விமானம் ஏற வேண்டும். வேடிக்கைக்கு அப்பால் ஒரு மாற்றத்தையும் நான் வங்கியில் கவனித்து வருகிறேன். சேமிப்புக் கணக்கிலிருந்து பெருந்தொகை எடுக்க வருவோரில் சிலர், திருமணம், வீடு, கல்விக்கட்டணம் என்னும் வழக்கமான காரணங்களோடு, “பிள்ளைகளை அந்தமானுக்கு அழைத்துப் போகிறோம் சார்” என்றும் சொல்லத் தொடங்கியிருக்கின்றனர். அவர்கள் காண விரும்புவது பெரும்பாலும் ஒன்றே: கூட்டமும் கடைகளும் இரைச்சலும் இல்லாத ஒரு வெண்மணற்கரை.

அத்தகைய கரைக்குச் செல்லுமுன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். அவற்றுள் முதன்மையானது அந்த மணல் எங்கிருந்து வந்தது என்பது. வணிகவியல் படித்தவனுக்கு மணலைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். வரவும் செலவும் உள்ள எதுவும் எங்களுக்குக் கணக்குத்தான். அந்த மணலுக்கும் வரவு, செலவு உண்டு.

நாம் அறிந்த கடல்மணல் ஆறுகள் தந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து நகரி ஆறு மலைப்பாறைகள் சிதைந்த துகள்களை அரித்துச் சென்று கொசஸ்தலை ஆற்றில் சேர்க்கிறது. பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து அந்த ஆறு எண்ணூரில் கடலை அடைகிறது. சோழமண்டலக் கரை முழுவதிலும் மணல் பழுப்பாக இருப்பதும், ஆங்காங்கே கருமையும் செம்மையும் கோடிட்டிருப்பதும் இதனாலேயே. அது பாறையின் பொடி. படிகக்கல்லும் கனிமங்களும் கலந்தது. நண்பகலில் அதன்மேல் வெறுங்காலுடன் நிற்க இயலாது.

வெப்பமண்டலத் தீவுகளின் வெண்மணல் வேறு வகையைச் சேர்ந்தது. அதன் பெரும்பங்கு உயிர்கள் உண்டாக்கியது. பவள உயிரிகள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தமக்குக் கூடு கட்டுகின்றன. சிப்பிகளும் சங்குகளும், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஓடுடைய ஒரு செல் உயிர்களும், ஹாலிமிடா என்னும் பச்சைப் பாசியும் இதையே செய்கின்றன. இவை இறந்தபின் அலையில் மோதித் தூளாகின்றன. இவற்றோடு ஒரு மீனும் சேர்ந்துகொள்கிறது. கிளியின் அலகு போன்ற வாய் உடையதால் கிளிமீன் எனப்படும் அது, பவளத்திட்டின் மேல் படர்ந்த பாசிக்காகப் பாறையையே கடித்து அரைத்து விழுங்குகிறது. சத்து போக எஞ்சிய சுண்ணாம்பை வெண்மணலாக வெளியேற்றுகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலை இவ்வாறு உண்டாக்கும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். திரைப்படப் பாடல்களில் காதலர் உருண்டு புரளும் மணலின் ஒரு பகுதி மீனின் கழிவு என்றால் என் மகள் நம்ப மறுக்கிறாள். ஆயினும் உண்மை அதுவே.

வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பை நம் முன்னோர் கிளிஞ்சலைச் சுட்டே எடுத்தனர். அதே பொருள் சுடப்படாமல், பொடியாகி, கரை நெடுகப் பரவிக் கிடப்பதே வெண்மணற்கரை. வெண்ணிறம் வெயிலைப் பெரிதும் திருப்பி அனுப்பிவிடுவதால் உச்சிவேளையிலும் அது காலை அவ்வளவாகச் சுடுவதில்லை. கரையோரக் கடல் இளநீலமாகத் தோன்றுவதற்கும், ஆழமற்ற நீரின் அடியில் கிடக்கும் இந்த மணலே காரணம்.

லட்சத்தீவுகள் முற்றிலும் இவ்வகைப் பவளத்தீவுகள். அந்தமான் அவ்வாறன்று. அது மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் நீண்டு, அதன் முகடுகள் நீருக்குமேல் தெரிவது. எனவே அங்கே காடும் மலையும் உண்டு. கரையைச் சுற்றிப் பவளத்திட்டுகளும் உண்டு. அந்தமான் நிக்கோபாரில் தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாக 836 இருப்பினும், மக்கள் வாழ்பவை ஏறத்தாழ முப்பதே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜேந்திர சோழன் வென்ற இடங்களுள் மாநக்கவாரத்தைக் குறிப்பிடுகிறது. அதுவே இன்றைய நிக்கோபார் என்பர். இன்று ஸ்ரீ விஜயபுரத்துக் கடைத்தெருவில் வங்காளமும் இந்தியும் தமிழும் தெலுங்கும் சேர்ந்து ஒலிக்கும். எங்கள் ஊரார்க்கு மொழியால் இடர் வராது.

பயணிகள் பெரிதும் நாடும் கரை ஸ்வராஜ் தீவிலுள்ள ராதாநகர். 2018 டிசம்பர் 30 வரை அத்தீவின் பெயர் ஹேவ்லாக்; அன்றே நீல் தீவும் ஷஹீத் தீவு எனப் பெயர் பெற்றது. முன்பதிவின்போது பழைய பெயர், புதிய பெயர் இரண்டுமே கண்ணில் படும், குழம்ப வேண்டாம். விமானச் சீட்டில் ஐ.எக்ஸ்.இசட். என்ற குறியீடு இருந்தால் அது ஸ்ரீ விஜயபுரமே. ஸ்வராஜ் தீவின் சிற்றூர்கள் கோவிந்தநகர், கிருஷ்ணநகர், ஷியாம்நகர், விஜயநகர், ராதாநகர் எனப் பெயர் கொண்டவை. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியோர் ஊர்கள் அவை. அங்கும் ஒரு விஜயம் இருப்பதைக் கவனிக்கவும்.

ராதாநகர் கரையை 2004-ல் ‘டைம்’ இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை எனச் சிறப்பித்தது. 2020-ல் இந்தியாவில் முதன்முறையாக எட்டுக் கடற்கரைகளுக்கு ‘நீலக்கொடி’ என்னும் பன்னாட்டுத் தரச்சான்று கிடைத்தபோது அவற்றுள் இதுவும் ஒன்று; நம் ஆந்திரத்தின் ருஷிகொண்டாவும் ஒன்று. கரையின் பின்புறம் கடல் மஹுவா எனப்படும் நெடுமரங்கள் சுவர்போல் நிற்கின்றன. மரங்களின் நிழலைக் கடந்து மணலில் கால் வைத்ததும் கேட்பது அலையோசை மட்டுமே. ஆயினும், புகழ்பெற்ற கரையில் அமைதி வேண்டுமானால் காலை நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயணிகள் மாலைச் சூரியனைக் காணவே திரள்கின்றனர். காலையில் கரை ஏறத்தாழ ஆளற்றுக் கிடக்கும். இன்னும் அமைதி வேண்டுவோர் ஷஹீத் தீவுக்குச் செல்லலாம். அங்கே பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர் ஆகிய கரைகள் உள்ளன. ஊரே சிறியது, மிதிவண்டியில் சுற்றிவிடலாம்.

காலையென்றால் நம்மூர்க் காலையன்று. எங்கள் விஜயபுரத்துக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் இடையே தீர்க்கரேகையில் ஏறத்தாழ 13 பாகை வேறுபாடு. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் கணக்கிட்டால், அங்கே சூரியன் சுமார் 52 நிமிடம் முந்தி எழுகிறது. கடிகாரமோ இரண்டு ஊரிலும் ஒன்றே. கோடையில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்தைக் கடந்ததும் இருள் சூழும். காலைச் சிற்றுண்டி முடித்து ஒன்பது மணிக்குப் புறப்படும் நம் வழக்கத்தை அங்கே கொண்டு சென்றால் பகலில் பாதி கழிந்திருக்கும்.

கடலின் ஏற்றமும் வற்றமும் அடுத்த கணக்கு. ஒரு நாளில் இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேறுபாடு மிகும். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். லட்சுமண்பூரில் பவளப்பாறை வளைந்து இயற்கைப் பாலம்போல் நிற்கும் இடத்தைப் பார்க்க நீர் வற்றியிருக்க வேண்டும். குளிப்பதற்கோ நீர் ஏறியிருக்க வேண்டும். தங்கும் விடுதியில் அன்றைய நேரத்தைக் கேட்டால் சொல்வார்கள். உயிர்க்காப்பாளர் நிற்கும் எல்லைக்குள் மட்டுமே குளிக்கவும். இங்குள்ள கழிமுகங்களில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. 2010-ல் ராதாநகரை அடுத்த சிறு விரிகுடா ஒன்றில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலையால் உயிரிழந்தார். எச்சரிக்கைப் பலகையை அலங்காரமாக எண்ண வேண்டாம்.

இனி மணலின் கணக்குக்குத் திரும்புவோம். உயிருள்ள பவளத்திட்டு இருக்கும்வரை வெண்மணல் வரவாகிக்கொண்டே இருக்கும். அலையும் புயலும் அதை அள்ளிச் செல்வது செலவு. திட்டு இறந்தால் வரவு குன்றுகிறது. அலையைத் தடுத்து நிறுத்திய அரணும் சிதைவதால் செலவு கூடுகிறது. இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் அங்கே பல ஆண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தனர். அரண் போனபின் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் கடலுள் மூழ்கின. தூத்துக்குடியை அடுத்த வான் தீவும் அரிக்கப்பட்டு மிகச் சிறுத்துப்போனது. அதைக் காக்கத் தமிழ்நாடு அரசு 2015 முதல் கடலடியில் செயற்கைத் திட்டுகளை இறக்கியது. முதலையே எடுத்துச் செலவிட்ட கணக்கு எவ்வாறு முடியும் என்பதற்கு, நான் எந்த வாடிக்கையாளரிடமும் காட்டக்கூடிய பேரேட்டைவிட இது தெளிவானது.

இன்று வெட்டுவோர் இல்லை, வெப்பம் இருக்கிறது. பவள உயிரியின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தருகிறது. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் அளவு கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே அந்தப் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளிறும். நீர் விரைவில் தணிந்தால் பிழைக்கும், இல்லையேல் இறக்கும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளிறல் நிகழ்ந்தது. 2024-ல் லட்சத்தீவில் பவளங்கள் பெருமளவில் வெளிறின. இதைத் தனியொரு பயணி தடுக்க இயலாது. ஆனால் வெப்பத்தால் நலிந்த திட்டின்மேல் படகு நங்கூரமும், நீந்துவோர் பாதமும், குப்பையும் சேர்ந்து விழாமல் தடுக்க இயலும்.

தாய்லாந்தின் மாயா விரிகுடா ஒரு திரைப்படத்தால் உலகப்புகழ் பெற்று, கூட்டம் தாங்காமல் பவளங்கள் அழிந்தன. அந்நாட்டு அரசு 2018-ல் அதை மூடியது. 2022 ஜனவரியில்தான் கட்டுப்பாடுகளுடன் திறந்தது. நம் நாட்டில் இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று முன்பே இருக்கிறது என்பது எனக்குப் பெருமை. வண்டூரில் 1983-ல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் ஜாலிபாய், ரெட்ஸ்கின் என்னும் இரு தீவுகள் பயணிகளுக்கு உரியவை. இரண்டும் ஒரே காலத்தில் திறந்திருப்பதில்லை. ஆண்டின் ஒரு பகுதியில் ஒன்று, மறுபகுதியில் மற்றொன்று. மூடிய தீவு ஓய்வு கொள்ளும். வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டு செல்ல இயலாது. பயணிகள் சிலர் இதைத் தொல்லை என்று முணுமுணுப்பர். அந்தத் தொல்லையால்தான் அங்கே கண்ணாடிப் படகின் அடியில் காண்பதற்கு ஏதேனும் எஞ்சியிருக்கிறது.

ஊர் திரும்புகையில் விமான நிலையச் சோதனை வரிசையில் நான் கண்ட காட்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னே நின்ற குடும்பத்தின் பெட்டியை எடுத்துத் தனியே வைத்தனர். எட்டு வயதிருக்கும் சிறுவன் கரையில் பொறுக்கிய நான்கு பவளத்துண்டுகள் உள்ளே இருந்தன. “செத்துக் கிடந்ததுதானே சார்” என்று தந்தை மன்றாடினார். துண்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, எச்சரித்து அனுப்பினர். சிறுவன் அழுதான். தந்தையின் எண்ணம் பலருக்கும் உரியதே. சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாறை கட்டும் பவளங்கள் 2001-ல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அட்டவணை அது. உயிருள்ளதோ இறந்ததோ, எடுத்துவருவது குற்றமே. நாளைய மணல் இன்று இறந்து கிடக்கும் துண்டுதான் என்பதையும் பிள்ளைகளுக்குப் புறப்படுமுன்பே சொல்லிவிடலாம். சங்கு, சிப்பிப் பொருள்களைக் கடையில் வாங்கினால் பட்டியலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும். ஜாரவா மக்களின் காப்புப் பகுதி வழியே செல்லும் சாலையில் படம் எடுப்பதும் அவர்களுக்கு உணவு கொடுப்பதும் தண்டனைக்குரியவை. அதைச் சுற்றுலாவாக விற்கும் முகவரைத் தவிர்க்கவும்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் வங்கி அலுவலர் எழுதி முடிக்க இயலுமா? ஒரு குடும்பத்தின் பயணத்துக்கு 1,20,000 ரூபாய் தேவை என வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 ரூபாய் வீதம் 24 மாதம் தொடர் வைப்பில் செலுத்தினால் அசலே அத்தொகையாகிவிடும். ஆண்டு வட்டி ஆறரை விழுக்காடு என்றால் மேலும் ஏறத்தாழ 8,000 ரூபாய் கிடைக்கும். அதே தொகையைத் தனிநபர் கடனாக 12 விழுக்காட்டில் பெற்றால் மாதத் தவணை 5,649 ரூபாய். 24 மாதத்தில் வட்டி மட்டும் 15,576 ரூபாய். முன்னே சேமிப்பதற்கும் பின்னே கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு 23,000 ரூபாய்க்கு மேல். கடன் வழங்குவதும் எங்கள் தொழிலே. இருப்பினும் பள்ளி விடுமுறை எப்போது வரும் என்பது இரண்டாண்டுக்கு முன்பே தெரிந்த ஒன்றுக்குக் கடன் வேண்டாம் என்பது என் கருத்து. மத்திய அரசு ஊழியர்க்கு விடுப்புப் பயணச் சலுகையில் அந்தமானுக்கு விமானத்தில் செல்லச் சிறப்புத் தளர்வு உண்டு. அது அவ்வப்போது நீட்டிக்கப்படுவதால் நடப்பு ஆணையை அலுவலகத்தில் கேட்டறியவும்.

சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் இடையே சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டு 10 முதல் இயங்குகிறது. ஸ்வராஜ் தீவையும் அது இணைக்கிறது. கைபேசியில் பணம் செலுத்துவது அதன்பின் எளிதாயிற்று. எனினும் சிறு தீவுகளில் ஏ.டி.எம். எந்திரங்கள் சிலவே, கைபேசித் தொடர்பு ஓய்ந்துபோகும் நேரமும் உண்டு. இரண்டு நாள் செலவுக்கான ரொக்கம், சில்லறை நோட்டுகளாக, கையில் இருக்கட்டும். விடுதி முன்பதிவில் ஏமாற்று வலைத்தளங்கள் மிகுந்துவிட்டன. பாதி விலை, உடனே முழுத்தொகை, தனிநபர் கணக்குக்குப் பணம் என மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிவிடவும். ஏமாந்துவிட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து தெரிவிக்கும் தொகையையே வழியில் நிறுத்திவைக்க இயலும்.

செல்லத் தகுந்த காலம் டிசம்பர் நடு முதல் ஏப்ரல் வரை. மே மூன்றாம் வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை நாட்டிலேயே முதலில் தொடுவது இத்தீவுகளைத்தான். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்; கப்பலில் ஏறத்தாழ 60 மணி நேரம். அங்கிருந்து ஸ்வராஜ் தீவுக்குத் தனியார் விரைவுக் கப்பல் ஒன்றரை மணி நேரத்திலும், அரசுக் கப்பல் இரண்டரை மணி நேரத்திலும் செல்கின்றன. கடல் கொந்தளித்தால் இரண்டுமே நிற்கும். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஸ்ரீ விஜயபுரத்திலேயே கழிக்கும்படி திட்டமிடவும். தீவிலிருந்து வந்திறங்கி அன்றே விமானம் ஏறுவதாக முன்பதிவு செய்து, கப்பல் வராமல் நான்கு சீட்டுகளின் பணத்தையும் இழந்தோரை நான் அறிவேன். லட்சத்தீவையே விரும்புவோர்க்கு ஒரு கூடுதல் வேலை உண்டு: அங்கே இந்தியக் குடிமக்களும் நுழைவு அனுமதி பெற வேண்டும், பயணம் கொச்சியிலிருந்து.

ராதாநகர் கரை, கப்பல்துறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ. தொலைவில், தீவின் மேற்குப் புறத்தில் உள்ளது. ஆட்டோக் கட்டணம் மிகுதி, பேருந்தும் ஓடுகிறது. சூரியன் மறைந்ததும் அங்கே விரைவில் இருட்டிவிடும் என்பதால், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் கரையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவைத்துக்கொள்ளவும்.